பொருள்: பாட்டோடு ஓடும் எழுத்துக்கு ஒரு சொல் (வெள்ளிக்குள் வேண்டும்)

தேவகோட்டை ஆசிரியை:
குழுவினருக்கு வணக்கம். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கான வாசிப்புக் கையேடு வெள்ளிக்கிழமை காரைக்குடியில் அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் மட்டும் இன்னும் அமையவில்லை. பாட்டு எந்த மொழியில் ஒலிக்கிறதோ அதே மொழியில் திரையில் வரி ஓடும். பாடுகிற சொல் அந்த நேரத்தில் நிறம் மாறும். எழுத்தறிவு ஆய்வாளர் பிரிஜ் கோத்தாரியின் குழுவினர் 1999-இல் குஜராத்தித் தூர்தர்ஷனின் ‘சித்ரகீத்’ பாடல் நிகழ்ச்சியில் செய்து காட்டிய முறை இது. பல்லவி திரும்பத் திரும்ப வரும். அடுத்த சொல் காதுக்கு முன்பே தெரியும். கண் அதைத் தேடிப் பிடிக்கும். ‘சப்டைட்டில்’ என்றால் பலர் மொழிபெயர்ப்பு என்றே கொள்கிறார்கள். ‘துணையெழுத்து’ ஆகாது, கால், கொம்பு, மேல்விலங்குக்கு வகுப்பில் அந்தப் பெயரைத்தான் சொல்லித் தருகிறோம். ‘ஒருமொழி அடிவரி’ பொருந்துமா?

காரைக்குடியார்:
அம்மா, ‘ஒருமொழி’ வேண்டாம். நன்னூல் ஒருமொழி, தொடர்மொழி, பொதுமொழி என்று பகுக்கிறது. அங்கே மொழி என்றால் சொல். இலக்கணம் படித்தவர் ‘ஒரே சொல் உள்ள வரி’ என்றுதான் பொருள் கொள்வார். நான் ‘கரையெழுத்து’ என்பேன். கண்டாங்கிச் சேலைக்குக் கரை எப்படியோ, படத்துக்கு இது அப்படி. நம் பக்கத்தில் விளக்கமே தேவைப்படாது.

கோட்டையூரார்:
அடி, கரை இரண்டும் இடத்தைச் சொல்கின்றன. இடம் மாறும். புரொஜக்டர் படம் சுவரில் தாழ விழுந்தால் முன்வரிசைப் பிள்ளைகளின் தலை கடைசி வரியை மறைத்துவிடும். அப்போது எழுத்தை மேலே ஏற்றத்தான் வேண்டும். உச்சியில் ஓடுவதை அடிவரி என்று எப்படிச் சொல்வது? செய்கிற வேலையால் பெயர் வையுங்கள்: ‘ஒலிவரி’.

பெயரைவிட இவை கையேட்டில் கட்டாயம் இருக்கவேண்டும். வரிகளும் அவை தோன்றும் நேரமும் இருக்கும் எஸ்ஆர்டி கோப்பில் நொடிக்கும் மில்லிநொடிக்கும் இடையே காற்புள்ளி வரவேண்டும். முற்றுப்புள்ளி இட்டால் சில பிளேயர்களில் எழுத்தே வராது. அதை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமிக்காவிட்டால் தமிழுக்குப் பதில் கேள்விக்குறிகள் நிற்கும். கோப்பின் பெயரும் வீடியோவின் பெயரும் ஒன்றாக, ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும். விஎல்சி பிளேயரில் எழுத்து பாட்டுக்கு முந்தினால் எச் விசை, பிந்தினால் ஜி விசை. ஒரு தட்டுக்கு 50 மில்லிநொடி நகரும். ஒரு வரிக்கு மூன்று நான்கு சொல் போதும்.

நிறமாற்றத்தை முழுச் சொல்லுக்கே கொடுங்கள். எழுத்தெழுத்தாகக் கொடுத்தால் ‘கொ’ சிதையும். யூனிகோடில் முதலில் ‘க’, பிறகுதான் ஒகரக் குறி. திரையிலோ கொம்பு முன்னால் நிற்கிறது. ‘க’ தனியே சிவந்து, கொம்பும் காலும் கறுப்பாக நின்றால், எழுத்துக்கூட்டப் பழகும் பிள்ளை அதைக் ‘க’ என்றே படிக்கும்.

பள்ளத்தூர்ப் புலவர்:
‘ஒலிவரி’ நன்று. ஆனால் என்ன தொகை? ஒலித்த, ஒலிக்கின்ற, ஒலிக்கும் வரி என விரித்தால் வினைத்தொகை, ‘ஒலிகடல்’ போல. ஒலிக்கு உரிய வரி என விரித்தால் வேற்றுமைத் தொகை, ‘ஒலிப்பதிவு’ போல. முன்னதில் வல்லினம் மிகாது, பின்னதில் மிகும். இங்கே வருவது வகரம், இடையினம். சந்தி நமக்கு எதையும் காட்டிக்கொடுக்காது. இரண்டு பொருளும் தங்கட்டும். பிள்ளை வாய்விட்டுப் படித்தால் வரியே ஒலிப்பதுதானே!

வரி என்பது பாட்டுமாகும். சிலப்பதிகாரத்தில் புகார்க் காண்டத்தின் ஏழாம் காதை கானல்வரி. மாதவியும் கோவலனும் யாழோடு பாடியது. எழுத்தும் இசையும் ஒரே சொல்லில் குடியிருக்கும்போது வேறு சொல்லை ஏன் தேடவேண்டும்? அந்த நேரக் கோப்புக்கு ‘சிட்டை’ என்று பெயர் வைக்கலாம். நம் கடைகளில் நடந்தது நடந்த வரிசையில் ஏறும் கணக்கு அது, பேரேடு பிறகுதான்.

காரைக்குடியார்:
சிட்டை வடக்கேயிருந்து வந்த ‘சிட்டா’வின் உறவு, ஐயா. கலைச்சொல் ஆக்கும் இடத்தில் அதை எப்படி ஏற்பது?

புதுவயல் ஆசிரியர்:
ஐயா, நில ஆவணத்தை எல்லோரும் ‘சிட்டா’ என்றுதான் சொல்கிறார்கள். மக்களுக்குத் தெரிந்த சொல்லைத் தள்ளிவிட்டு எழுத்தறிவு வளர்க்க முடியாது. ‘வரி’ என்றாலும் பெற்றோர் காதில் வீட்டுவரிதான் முதலில் விழும். ‘ஓடும் எழுத்து’ என்று எழுதுங்கள். கேட்டவுடன் புரியும்.

கோட்டையூரார்:
செய்திச் சேனலில் கீழே நகர்கிறதே, அதுதான் ஓடும் எழுத்து. இங்கே வரி நிற்கிறது, நிறம்தான் நகர்கிறது. ஆசிரியர் வரியையே ஓடவிட்டால் மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்குச் சொல் கண்ணில் நிற்பதற்குள் போய்விடும். அதனால் ‘ஓடும்’ என்ற சொல் ஆபத்து. முதல் மடலிலும் ‘வரி ஓடும்’ என்றிருக்கிறது. கையேட்டில் திருத்திவிடுங்கள், அம்மா.

தேவகோட்டை ஆசிரியை:
திருத்திவிட்டேன். மூவர் ‘ஒலிவரி’ என்கிறோம். முதல்முறை வரும்போது மட்டும் ‘ஒலிவரி, அதாவது அதே மொழியில் வரும் சப்டைட்டில்’ என்று எழுதுகிறேன். கோப்பு ‘கோப்பு’ என்றே போகட்டும்.

புதுவயல் ஆசிரியர்:
அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. பயிற்சியில் நான் ‘பாட்டெழுத்து’ என்றுதான் சொல்வேன்.

காரைக்குடியார்:
எனக்குக் கரையெழுத்தே. மேலே ஏற்றினாலும் கரைதான். சேலைக்கு இரண்டு பக்கமும் கரை உண்டு.