புது பிசி: ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரல, டிராம் லைட் மட்டும் நின்னு எரியுது

கீழவாசல்:

வணக்கம். புதுசா அசெம்பிள் பண்ணின பிசி, இன்னும் ஒரு தடவைகூட பயாஸ் (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற, போர்டோட சொந்த செட்டிங்) ஸ்கிரீன் வரல.

பிராசசர் ரைசன் 5 7500எஃப். போர்டு பி650 மைக்ரோ ஏடிஎக்ஸ், 4 ராம் ஸ்லாட். ராம் டிடிஆர்5 6000, 16 ஜிபி ரெண்டு ஸ்டிக், ஒரே பாக்கெட்ல வந்தது. கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 4060. பவர் சப்ளை 650 வாட், கேபிள் எல்லாம் கழட்டி மாட்டுற டைப். 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. கூலர் பிராசசர் பெட்டியில வந்ததுதான், 4 ஸ்க்ரூ.

பவர் பட்டனை அமுக்கினா எல்லா ஃபேனும் சுத்துது. போர்டு ஓரத்துல வரிசையா இருக்கிற 4 குட்டி லைட்டுல சிபியு லைட் மின்னி அணையுது, அடுத்து டிராம் (ராம்) லைட் எரிஞ்சு அப்படியே நிக்குது. மானிட்டர்ல நோ சிக்னல். ஒரு நிமிஷம் பார்த்துட்டு ஆஃப் பண்ணிடுறேன்.

இதுவரை செஞ்சது: ராமைக் கழட்டி மாட்டியாச்சு, இப்ப 1, 3 ஸ்லாட்டுல இருக்கு. எச்டிஎம்ஐ கேபிளை போர்டுலயும் கார்டுலயும் மாத்தி மாத்திப் போட்டாச்சு. பயாஸ் செட்டிங் அழியட்டும்னு போர்டுல இருக்கிற பேட்டரியைக் கழட்டி 5 நிமிஷம் விட்டு மாட்டியாச்சு. ஒரு மாற்றமும் இல்ல. ராமை மாத்தச் சொல்லவா, போர்டை மாத்தச் சொல்லவா? 7 நாளுக்குள்ள கொண்டுவந்தாத்தான் மாத்தித் தருவோம்னு பில்லுல சீல் குத்தியிருக்காங்க.

திருப்புளி:

கடைக்கு இப்பவே கிளம்பாதீங்க. டிராம் லைட் எரிஞ்சா ராம் போச்சுன்னு அர்த்தம் இல்ல, போர்டு அந்தக் கட்டத்துல நிக்குதுன்னு மட்டும்தான் அர்த்தம். வரிசை சிபியு, டிராம், விஜிஏ (கிராபிக்ஸ் கார்டு), பூட். லைட்டோட நிறம் போர்டுக்கு போர்டு மாறும், அதனால பக்கத்துல அச்சடிச்சிருக்கிற எழுத்தைப் பாருங்க.

உங்க விஷயத்துல மூணு தப்பு தெரியுது.

முதல் தப்பு, ஒரு நிமிஷத்துல ஆஃப் பண்றது. ஏஎம்5 (உங்க பிராசசர் உட்கார்ற சாக்கெட் வகை) போர்டு முதல் தடவை ஆன் ஆகும்போது, ராமுக்குப் போற ஒவ்வொரு கோட்டுக்கும் எந்த டைமிங், எந்த வோல்டேஜ் சரிப்படும்னு தானே சோதிச்சுப் பார்க்கும். இதைத்தான் மெமரி டிரெயினிங்னு சொல்றாங்க. அது முடியிற வரைக்கும் ஸ்கிரீன் கருப்புதான், டிராம் லைட்டும் எரியும், நடுவுல தானா ரெண்டு மூணு தடவை ஆஃப் ஆகி ஆன் ஆகும். ரெண்டு 16 ஜிபிக்கு சில நிமிஷம் போதும். 4 ஸ்டிக் போட்டா 10, 15 நிமிஷம்கூட இழுக்கும். பாதியில கரண்டை நிறுத்தினா மறுபடி முதல்லேர்ந்து. பேட்டரியைக் கழட்டினாலும் அதே கதை. சரியானதுன்னு நினைச்சு செஞ்ச வேலையே உங்களைத் திரும்பத் திரும்ப ஆரம்பத்துக்குக் கொண்டுவந்து விடுது.

ரெண்டாவது, ஸ்லாட். பிராசசர் பக்கத்துலேர்ந்து எண்ணினா ஏ1, ஏ2, பி1, பி2. ரெண்டு ஸ்டிக் போட 2ஆவதும் 4ஆவதும், அதாவது ஏ2, பி2. ஏ, பி-னு ராமுக்குப் போற பாதை ரெண்டு, அதைத்தான் சேனல்னு சொல்றாங்க; ஒரு சேனலோட கோடு ஏ1 வழியாப் போய் ஏ2-ல முடியுது. முதல் ஸ்லாட்டுல மாட்டினா அதுக்கு அந்தப் பக்கம் காலியா நீளுற கோட்டுல சிக்னல் மோதித் திரும்பும். டிடிஆர்5 வேகத்துக்கு அந்த எதிரொலியே டிரெயினிங்கைக் கவுத்துடும்.

மூணாவது, பேர்ல எஃப் இருந்தா பிராசசர்ல கிராபிக்ஸ் கிடையாது. போர்டுல இருக்கிற எச்டிஎம்ஐ உங்களுக்கு எந்தக் காலத்துலயும் படம் காட்டாது. கேபிள் கார்டுலயே இருக்கட்டும்.

இப்ப செய்ய வேண்டியது: பவர் சப்ளை ஸ்விட்சை ஆஃப் பண்ணி, பிளக்கையும் உருவி, பவர் பட்டனை ஒரு தடவை அமுக்கி மிச்சக் கரண்டை இறக்குங்க. ஒரே ஒரு ஸ்டிக்கை ஏ2-ல போடுங்க. பல போர்டுல ஒரு பக்கம்தான் கிளிப் இருக்கும், கிளிப் இல்லாத பக்கம் முழுசா இறங்கியிருக்கான்னு கண்ணால பாருங்க, அங்கதான் அரை மில்லிமீட்டர் தூக்கி நிக்கும். ஆன் பண்ணி 15 நிமிஷம் தொடாதீங்க. வரலைன்னா அதே ஸ்லாட்டுல இன்னொரு ஸ்டிக். அப்புறம் பி2-ல ஒவ்வொண்ணா. நாலு சோதனையோட முடிவையும் எழுதுங்க. எந்த சாமான் மேல சந்தேகம்னு அப்பதான் சொல்ல முடியும்.

நியூட்ரல்:

சிபியு லைட் அணைந்து அடுத்த கட்டத்துக்குப் போகிறது என்பதால் 8 பின் கரண்ட் சேர்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் மின்சாரப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள், 5 நிமிட வேலை.

பிராசசருக்குப் போகும் 8 பின் 4+4 ஆகப் பிரியும். கார்டுக்குப் போவது 6+2 ஆகப் பிரியும். ஒன்றை இன்னொன்றில் பலவந்தமாகத் திணிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டிலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் எதிரெதிர் வரிசையில் இருப்பதால் அது நேரடி ஷார்ட். அதேபோல் பழைய பவர் சப்ளையின் கேபிளை, பொருந்துகிறதே என்று புதியதில் மாட்டக் கூடாது. போர்டு பக்க முனைதான் எல்லாருக்கும் பொது. பவர் சப்ளை பக்க முனையில் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரே கம்பெனியிலும் மாடலுக்கு மாடல் மாறும். எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் இப்படிக் கருகுவது உண்டு.

யுபிஎஸ்ஸில் போட்டிருந்தால் கழற்றிவிட்டு, எர்த் உள்ள சுவர் பிளக்கில் நேராகப் போட்டுச் சோதியுங்கள். வீட்டில் வைக்கும் 600 விஏ யுபிஎஸ் 360 வாட் அளவில்தான் தாங்கும். சோதனை நேரத்தில் நடுவில் இன்னொரு சந்தேகம் எதற்கு?

மல்டிமீட்டர் இருந்தால் 12 வோல்ட் கோடு 11.4-க்கும் 12.6-க்கும் நடுவே, 5 வோல்ட் 4.75-க்கும் 5.25-க்கும் நடுவே இருக்க வேண்டும். பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஜெம் கிளிப்பால் இணைத்து ஃபேன் சுற்றுவதைப் பார்த்து "பவர் சப்ளை நல்லாருக்கு" என்று முடிவு கட்டாதீர்கள். லோடு இல்லாமல் எதுவும் ஓடும்.

கீழவாசல்:

பவர் சுவர்ல நேராத்தான், கேபிள் எல்லாம் சரி. ஸ்டிக் முடிவு இது:

முதல் ஸ்டிக், ஏ2: ரெண்டு தடவை தானா ரீஸ்டார்ட் ஆச்சு, 4ஆவது நிமிஷம் பயாஸ் வந்துடுச்சு! 16 ஜிபி, 4800-னு காட்டுது. ரெண்டாவது ஸ்டிக், ஏ2: இதுவும் வந்துச்சு. முதல் ஸ்டிக், பி2: 20 நிமிஷம் ஆகியும் டிராம் லைட்தான். ரெண்டாவது ஸ்டிக், பி2: அதேதான்.

அப்ப பி2 ஸ்லாட் கெட்டிருக்குன்னு போர்டை மாத்தலாமா?

1718 பின்:

4800 காட்டுறது சரிதான், எக்ஸ்போ (ராம் பாக்கெட்ல போட்டிருக்கிற வேகத்தை எடுத்துக்கிற பயாஸ் செட்டிங்) ஆன் பண்ற வரைக்கும் 6000 ஸ்டிக் அதுலதான் ஓடும்.

ரெண்டு ஸ்டிக்கும் ஏ2-ல ஓடுது, அதனால ராம் நல்லது. ரெண்டும் பி2-ல ஓடல, அதனால கோளாறு பி சேனல்ல. ஆனா பி சேனல்னா ஸ்லாட் மட்டும் இல்ல. மெமரி கன்ட்ரோலர் பிராசசருக்குள்ளதான் இருக்கு. அங்கேர்ந்து சாக்கெட் பின், அப்புறம் போர்டுல ஓடுற கோடு, கடைசியிலதான் ஸ்லாட். இந்தப் பாதையில எது விட்டாலும் இதே அறிகுறிதான்.

போர்டைத் தூக்குறதுக்கு முன்னாடி பி1-ல ஒரு ஸ்டிக் போட்டுப் பாருங்க. பி1 ஓடி பி2 மட்டும் ஓடலைன்னா ஸ்லாட் மேல சந்தேகம். ரெண்டுமே ஓடலைன்னா சாக்கெட் பக்கம் போகணும். புது பிசியில இது கூலர் ஸ்க்ரூவாலயும் வரும். ஏஎம்5 சாக்கெட்ல 1718 பின் ஸ்பிரிங் மாதிரி நின்னு பிராசசரோட அடிப்பக்கத்தைத் தொடுது. கூலர் ஒரு மூலையில இறுகி எதிர் மூலையில தளர்ந்து இருந்தா, அந்த மூலையில சில பின் சரியாத் தொடாது. அதுல மெமரிக் கோடு ஒண்ணு விட்டாலே சேனல் முழுக்கக் காணாமப் போகும்.

முதல்ல கூலரைக் கழட்டாமலே, நாலு ஸ்க்ரூவும் எத்தனை திருப்பு தளருதுன்னு எண்ணிக்கிட்டே தளர்த்துங்க. ஒண்ணு 7, இன்னொண்ணு 3-னு வந்தா அதுதான். மறுபடி மாட்டும்போது குறுக்கு வாட்டம்: மேல் இடது, கீழ் வலது, மேல் வலது, கீழ் இடது. ஒரு தடவைக்கு ரெண்டு திருப்புக்கு மேல வேண்டாம். நாலும் தானா முட்டி நிக்கிற இடம் வந்ததும் நிறுத்துங்க, அதுக்கு மேல பலம் காட்டாதீங்க. கூலர் தூக்கிட்டா அடியில இருக்கிற தெர்மல் பேஸ்ட்டைத் துடைச்சு, புதுசா பட்டாணி அளவு வெச்சாகணும்.

அப்பவும் பி சேனல் வரலைன்னா பிராசசரை எடுங்க. ஏஎம்5-ல பிராசசரை இரும்புச் சட்டம் பிடிச்சிருக்கும், ஏஎம்4 மாதிரி கூலரோட ஒட்டிக்கிட்டு வெளிய வராது. லீவரைத் திறந்து, பிராசசரை ஓரத்துல பிடிச்சு நேர் மேல தூக்குங்க. செல்ஃபோன் டார்ச்சைச் சாய்வா நாலு பக்கமும் அடிச்சுப் பாருங்க. எல்லாப் பின்னும் ஒரே திசையில சாஞ்சு ஒரே மாதிரி மின்னணும். கட்டம் போட்ட துணியில ஒரு இழை விலகின மாதிரி எங்கயாவது தெரிஞ்சா அந்த இடத்தைப் பெரிசாப் போட்டோ எடுங்க. பிராசசர் அடியில பேஸ்ட், பஞ்சு நூல் ஒட்டியிருந்தா ஐசோபுரொபைல் ஆல்கஹால் 99 சதவீதம் தொட்டுத் துடைங்க. சாக்கெட் உள்ள துணியோ பஞ்சோ கொண்டுபோகவே கூடாது, ஒரு நூல் மாட்டினா பத்துப் பின்னை இழுத்துக்கிட்டு வரும்.

வளைஞ்ச பின்னை நீங்களா நிமிர்த்த வேண்டாம். சாக்கெட் மேல இருந்த கறுப்பு பிளாஸ்டிக் மூடி எங்க இருக்குன்னு இப்பவே தேடி வைங்க. அது இல்லாமப் போனா வாரண்டியில போர்டை வாங்க மாட்டாங்க. பின் வளைஞ்சிருந்தா மூடி இருந்தும் பெரும்பாலும் வாங்க மாட்டாங்கங்கிறது வேற விஷயம்.

கீழவாசல்:

பி1-லயும் வரல. ஸ்க்ரூவை எண்ணினேன்: 6, 6, 5, அப்புறம் கீழ் வலது ரெண்டரை. அது கோணலா ஏறி நடுவுலயே நின்னிருக்கு, மேல இறுக்கமாத் தெரிஞ்சதால விட்டுட்டேன். பேஸ்ட் மாத்தி, குறுக்கு வாட்டமா முட்டுற வரைக்கும் ஏத்தினேன். ஏ2, பி2 ரெண்டுலயும் போட்டதும் 5 நிமிஷத்துல வந்துடுச்சு, 32 ஜிபி காட்டுது. பிராசசரை எடுக்கவே இல்ல.

எக்ஸ்போ இப்பவே போடலாமா?

திருப்புளி:

பயாஸ் முதல்ல. 2023-ல ரைசன் 7800எக்ஸ்3டி பிராசசர் சிலது சாக்கெட்டோட கருகினதுக்கு அப்புறம், எஸ்ஓசி வோல்டேஜ் (பிராசசருக்குள்ள மெமரி கன்ட்ரோலர் பக்கம் போறது) 1.3 வோல்ட்டுக்கு மேல போகாதபடி ஏஎம்டி புது பயாஸ்ல கட்டுப்பாடு கொண்டுவந்துச்சு. எக்ஸ்போ போடும்போது இந்த வோல்டேஜும் தானா ஏறும், அதனால பழைய பயாஸோட எக்ஸ்போ வேண்டாம். போர்டோட தளத்துல பீட்டா இல்லாத கடைசி வெர்ஷனை எடுத்து, ஃபேட்32 பென் டிரைவ்ல போட்டு, பயாஸுக்குள்ளேர்ந்தே ஏத்துங்க. கரண்ட் போற நேரம் பார்த்து ஆரம்பிக்காதீங்க, இதுக்கு மட்டும் யுபிஎஸ் நல்லது.

அப்புறம் எக்ஸ்போ. மறுபடி டிரெயினிங் நடக்கும், கருப்பு ஸ்கிரீனைப் பார்த்துப் பதறாதீங்க. 6000-ங்கிறது ஏஎம்டி கணக்குல ஓவர்கிளாக்தான், 7500எஃப்புக்கு ரெண்டு ஸ்டிக்கோட உத்தரவாதம் உள்ள வேகம் 5200. பெரும்பாலும் ஓடும். ஓடுதுன்னு விண்டோஸ் வந்ததை வெச்சு முடிவு பண்ணாதீங்க. மெம்டெஸ்ட்86 இலவச வெர்ஷன்ல 4 சுற்று ஓட விடுங்க, 32 ஜிபிக்குப் பல மணி நேரம் ஆகும், ராத்திரி போட்டுட்டுத் தூங்குங்க. ஒரே ஒரு எரர் வந்தாலும் தோல்விதான். அப்ப 5600-க்கு இறக்கிப் பாருங்க.

ஒவ்வொரு தடவையும் ஆன் ஆக முக்கால் நிமிஷம் ஆச்சுன்னா பயாஸ்ல மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர்னு இருக்கும். அதை ஆன் பண்ணினா பழைய டிரெயினிங் முடிவையே எடுத்துக்கும். சோதனை சுத்தமா முடிஞ்ச பிறகு மட்டும்.

மேட்டுத்தெரு:

இதே பி650தான், பிராசசர் 9600எக்ஸ். எனக்கு சிபியு லைட்டே அணையல. ராம் மாத்தியும் பயனில்ல. இதுவும் கூலர் ஸ்க்ரூவா?

1718 பின்:

வேற கேஸ். பி650 போர்டு 2022 அக்டோபர்ல வந்தது, ரைசன் 9000 வந்தது 2024 ஆகஸ்ட்ல. கடையில ரொம்ப நாள் கிடந்த போர்டுன்னா அதோட பயாஸுக்கு உங்க பிராசசர் யாருன்னே தெரியாது. பெட்டியில 9000 ரெடின்னு ஸ்டிக்கர் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா போர்டு பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் (பிசி ஆன் ஆகாமலே புது பயாஸ் ஏத்துறது) இருக்கணும்.

24 பின், பிராசசர் 8 பின் ரெண்டும் மாட்டியிருந்தாப் போதும், பிராசசரும் ராமும் வேலை செய்யணும்னு இல்ல. பென் டிரைவை ஃபேட்32-ல ஃபார்மட் பண்ணி, பயாஸ் ஃபைலை மட்டும் போடுங்க. ஃபைல் பேரை மேனுவல்ல சொல்லியிருக்கிற மாதிரியே மாத்தணும், ஒரு எழுத்து பிசகினாலும் எடுத்துக்காது. பென் டிரைவைச் சொருக வேண்டியது பின்னாடி குறி போட்ட அந்த ஒரு யுஎஸ்பி ஓட்டையில மட்டும். பவர் சப்ளை ஸ்விட்ச் ஆன், பிசி ஆஃப், பட்டனைப் பிடிச்சு அமுக்கினா லைட் மின்ன ஆரம்பிக்கும். மின்னல் தானா நிக்க 5, 10 நிமிஷம் ஆகும். சில செகண்ட்லயே நின்னுட்டாலோ, மின்னாம ஒரேயடியா எரிஞ்சாலோ ஃபைலைப் படிக்கலைன்னு அர்த்தம், பேரையும் ஃபார்மட்டையும் திரும்பப் பாருங்க.

9600எக்ஸ்ல கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கு. கார்டைக் கழட்டி வெச்சுட்டு போர்டு எச்டிஎம்ஐ-லயே முதல் தடவை பாருங்க, சந்தேகப்பட ஒரு சாமான் குறையும்.