மூன்று பருவகாலம் தோற்ற பயிற்றுவிப்பாளரை டியூக் பல்கலைக்கழகம் ஏன் வைத்துக்கொண்டது?

கேள்வி: கொட்டாஞ்சேனை வாசி

எல்லோருக்கும் வணக்கம். கொழும்பிலுள்ள ஒரு பாடசாலையின் பதினேழு வயதுக்குட்பட்ட ஆண்கள் கூடைப்பந்தாட்ட அணிக்கு நான் மூன்று ஆண்டுகளாகப் பயிற்சி அளித்து வருகிறேன். பகலில் அலுவலக வேலை இருப்பதால், மாலை ஐந்து மணிக்குப் பிறகும் சனிக்கிழமைக் காலைகளிலும் மட்டுமே மைதானத்துக்குப் போக முடிகிறது. இந்த மூன்று ஆண்டுகளில் எங்கள் அணி எந்தச் சுற்றுப்போட்டியிலும் முதற் சுற்றைத் தாண்டவில்லை. சென்ற வாரக் கூட்டத்தில் பழைய மாணவர் ஒருவர், அடுத்த ஆண்டுக்கு வேறொருவரைப் பார்ப்பது நல்லது என்று என் முன்னிலையிலேயே சொன்னார். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் கிண்ணம் வென்ற அணியில் ஆடியவர்; தம் பாடசாலை தோற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை.

அன்றிரவு நித்திரை வராமல், அமெரிக்கப் பல்கலைக்கழக ஆண்கள் கூடைப்பந்தாட்டத்தில் 1,202 வெற்றிகளைக் கண்ட பயிற்றுவிப்பாளர் மைக் ஷெஷெவ்ஸ்கியைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். டியூக் பல்கலைக்கழகத்தில் அவருடைய முதல் மூன்று பருவகாலங்களின் கணக்கு 38 வெற்றி, 47 தோல்வி என்று கண்டபோது எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. அந்த நிலையிலும் அவரை வைத்துக்கொண்டவர்கள் எதைப் பார்த்து அந்த முடிவை எடுத்தார்கள்? அது வெறும் பொறுமையா, அல்லது அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்ததா? வருகிற செவ்வாய்க்கிழமை நான் அதிபரைச் சந்திக்க வேண்டும். அவரிடம் இரக்கம் கேட்க எனக்கு விருப்பமில்லை. அவர் முன் எதை வைப்பது என்பதை விடயம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: வெள்ளவத்தை ஓய்வாசிரியர்

தம்பி, உங்கள் கேள்வி நல்ல கேள்வி. நான் கணிதம் கற்பித்தவன், பயிற்றுவிப்பாளராக ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் அமெரிக்காவில் என் மகன் படித்த காலத்திலிருந்து இந்த ஆட்டத்தைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன்.

முதலில், டியூக் அவரை எந்த நிலையில் எடுத்தது என்று பாருங்கள். 1980இல் அவர் அங்கே வந்தபோது அவருக்கு வயது முப்பத்துமூன்று. அதற்கு முந்தைய பருவகாலத்தில் இராணுவக் கல்லூரி அணியை நடத்தி ஒன்பது ஆட்டங்களில் வென்று பதினேழில் தோற்றிருந்தார். அப்படிப்பட்டவரைத் தெரிவுசெய்தவர் டியூக்கின் விளையாட்டுத்துறைப் பணிப்பாளர் டொம் பட்டர்ஸ். அவர் பேஸ்போல் வீரராக இருந்தவர். வெற்றி எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் 1980இலேயே அவர் வேறொருவரை எடுத்திருப்பார் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மூன்று பருவகாலங்களின் வெற்றி தோல்விகளைப் பிரித்துப் பார்த்தால் 17க்கு 13, 10க்கு 17, 11க்கு 17 என்று வரும். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றுபோலவே தெரியும். உள்ளே அவை முற்றிலும் வேறானவை. அங்கே தலைமைப் பயிற்றுவிப்பாளரின் வேலையில் பாதி ஆடுகளத்துக்கு வெளியே நடக்கிறது. உயர்நிலைப் பள்ளி முடிக்கவிருக்கும் பிள்ளைகளைத் தேடி ஊரூராகப் போய், அவர்களின் வீட்டுக் கூடத்தில் தாய் தந்தையரோடு இருந்து பேசி, புலமைப்பரிசிலில் தம் பல்கலைக்கழகத்துக்கு அழைத்து வர வேண்டும். இந்த வேலையில் அவர் தொடக்கத்தில் பெரும்பாலும் ஏமாற்றத்தையே கண்டார். 1982இல்தான் ஜொனி டோக்கின்ஸ், மார்க் அலாரி, ஜே பிலாஸ், டேவிட் ஹென்டர்சன் ஆகியோர் ஒரே ஆண்டில் வந்து சேர்ந்தார்கள். ஆகவே 1982–83 பருவகாலத்தில் பதினேழு முறை தோற்றது, பல்கலைக்கழகத்துக்கு வந்து சில மாதங்களே ஆன பதினெட்டு வயதுப் பிள்ளைகளை முன்னிறுத்திய அணி. அந்தப் பருவகாலத்தின் கடைசி ஆட்டத்தில் வேர்ஜினியாவிடம் 109க்கு 66 என்று நொறுங்கிப் போனார்கள். அவரை அனுப்பிவிட வேண்டும் என்ற குரல் அப்போது பழைய மாணவர்களிடையே பலமாக எழுந்தது. நீங்கள் கேட்டதும் அதே குரல்தான்.

அடுத்த பருவகாலத்திலும், 1984 ஜனவரியில், அணி தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த வேளையில், பட்டர்ஸ் அவரை அழைத்து ஐந்தாண்டுக்குப் புதிய ஒப்பந்தத்தை நீட்டினார். அந்தப் பருவகாலம் 24 வெற்றிகளோடு முடிந்தது. 1986இல் அதே நால்வரும் இறுதியாண்டு மாணவர்களாக இருந்தபோது, டியூக் 37 ஆட்டங்களில் வென்று தேசிய இறுதியாட்டம்வரை சென்று, லூயிவில்லிடம் 72க்கு 69 என்ற கணக்கில் தோற்றது. 1990 இறுதியாட்டத்தில் லாஸ் வேகஸ் அணியிடம் முப்பது புள்ளிகளால் தோற்றார்கள். முதல் தேசியப் பட்டம் 1991இல், அவருடைய பதினொராவது பருவகாலத்தில்தான் கிடைத்தது. அதன் பிறகு நான்கு பட்டங்கள் வந்தன.

பட்டர்ஸின் மனத்துக்குள் என்ன ஓடியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் மேசையில் இருந்த தாளை ஒரு கணித ஆசிரியன் வாசித்தால், தோல்விகளின் எண்ணிக்கைக்கு அருகே தோற்றவர்களின் வயதையும் எழுதுவான். இறுதியாண்டு மாணவர்களைக் கொண்டு தோற்ற அணிக்கும், இன்னும் மூன்று ஆண்டுகள் ஆடவிருக்கும் பிள்ளைகளைக் கொண்டு தோற்ற அணிக்கும் ஒரே புள்ளியைப் போட முடியாது. உங்கள் அணியில் இந்த ஆண்டு ஆடிய பன்னிருவரில் எத்தனை பேர் அடுத்த ஆண்டும் பதினேழு வயதுக்குட்பட்டவர்களாக இருப்பார்கள்? எத்தனை புள்ளி வித்தியாசத்தில் தோற்றீர்கள், அது ஆண்டுக்கு ஆண்டு குறைந்ததா? இந்த இரண்டையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

மறுமொழி: தெஹிவளை கரைக்காற்று

ஐயா சொன்ன கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் ஓர் எச்சரிக்கையைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஷெஷெவ்ஸ்கியின் பெயர் நமக்குத் தெரிவதற்குக் காரணம் அவர் பிறகு வென்றதுதான். அதே பொறுமை காட்டப்பட்டும் வெல்லாமல் போனவர்களின் பெயர்கள் நம் காதுக்கு எட்டவில்லை. ஆகவே அவரைக் காட்டி அதிபரிடம் வாதாடுவதை நான் விரும்ப மாட்டேன். அதிபர் உடனே, நீங்கள் அவரா என்று கேட்பார்.

மேலும், அந்தக் காலமும் போய்விட்டது. 2021இலிருந்து அமெரிக்க மாணவ வீரர்கள் ஓராண்டு வெளியே இருக்காமல் நேரே இன்னொரு பல்கலைக்கழகத்துக்கு மாறி ஆடலாம். அதே ஆண்டு ஜூலை முதல் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணமும் பெறலாம். பிள்ளைகளுக்கு அது நியாயமான உரிமை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் முதலாண்டில் தோற்ற நால்வர் நான்காமாண்டுவரை ஒன்றாகவே இருப்பார்கள் என்று இன்று எந்தப் பயிற்றுவிப்பாளராலும் எண்ண முடியாது. வேர்ஜினியாப் பல்கலைக்கழகப் பயிற்றுவிப்பாளர் டொனி பெனட் 2018இல் முதல் தரவரிசை பெற்ற அணியோடு தேசியச் சுற்றுப்போட்டிக்குச் சென்று, கடைசித் தரவரிசையான பதினாறாம் தரவரிசை அணியிடம் 74க்கு 54 என்று தோற்றார். அந்தச் சுற்றுப்போட்டியின் ஆண்கள் பிரிவில் அதற்கு முன் யாருக்கும் நேராத தோல்வி அது. மறு ஆண்டே தேசியப் பட்டத்தை வென்றார். அப்படிப்பட்டவரே 2024 ஒக்டோபரில், பருவகாலம் தொடங்கச் சில வாரங்கள் இருக்கும்போது, இன்றைய சூழலுக்குத் தாம் பொருத்தமானவர் அல்லர் என்று சொல்லி விலகிக்கொண்டார்.

மறுமொழி: பம்பலப்பிட்டி உடற்கல்வி ஆசிரியை

இருவரும் ஆண்கள் அணிகளைப் பற்றியே பேசியிருக்கிறீர்கள். ஒரு பாடசாலைப் பயிற்றுவிப்பாளருக்கு மிகவும் நெருக்கமான வாழ்க்கை, டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் அணியை 1974 முதல் 2012 வரை நடத்திய பாட் சமிட்டின் வாழ்க்கை என்று நான் கருதுகிறேன்.

உதவியாளராகச் சேர வந்தவர், இருபத்திரண்டு வயதிலேயே தலைமைப் பயிற்றுவிப்பாளராக்கப்பட்டார். மாதச் சம்பளம் 250 டொலர். அணியின் வான் வண்டியை அவரே ஓட்டினார். சீருடைகளை அவரே துவைத்தார். அவரிடம் பயின்ற சில பிள்ளைகளுக்கும் அவருக்கும் ஓரிரு வயதே வித்தியாசம். முதல் ஆட்டத்தில் ஒரு புள்ளியால் தோற்றார். முப்பத்தெட்டுப் பருவகாலங்களில் ஒன்றில்கூட வெற்றியைவிடத் தோல்வி மிகவில்லை என்றாலும், முதல் தேசியப் பட்டத்துக்கு 1987வரை காத்திருந்தார். மொத்தமாக எட்டுப் பட்டங்களும் 1,098 வெற்றிகளும் அவருடையவை. 2011இல், ஐம்பத்தொன்பது வயதில், மறதிநோய் தொடங்கிவிட்டது என்று மருத்துவர்கள் சொன்ன பிறகும், அதை வெளிப்படையாக அறிவித்துவிட்டு இன்னொரு பருவகாலம் ஆடுகளத்தின் ஓரத்தில் இருந்தார். 2016இல் காலமானார்.

ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது வேறொன்று. அவரிடம் தங்கள் ஆட்டக் காலத்தை முழுமையாக முடித்த அத்தனை பெண்களும் பல்கலைக்கழகப் படிப்பை முடித்துப் பட்டதாரிகளானார்கள். வகுப்புக்கு வராத பிள்ளையை அவர் ஆடவிடவில்லை. கொழும்பில் நம் பிள்ளைகள் அணியை விட்டுப் போவதற்குத் தோல்வி காரணமாவதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். சாதாரணதரப் பரீட்சைக்கு ஓராண்டு இருக்கும்போதே வகுப்புகள் மாலை நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. பெற்றோர் பந்தை வாங்கி அலமாரிக்கு மேலே வைத்துவிடுகிறார்கள். அந்தப் பயத்தைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. எங்கள் பாடசாலையில் நான் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பிள்ளையின் தவணைப் புள்ளிகளும், பயிற்சிக்கு வந்த நாட்களும், வராமற்போன காரணமும் அதில் இருக்கும். பதினொராம் ஆண்டில் நின்றுபோன பிள்ளைகளின் பக்கங்களை நான் மூடுவதில்லை. பரீட்சை முடிந்த மறு வாரம் அவர்களின் வீட்டுக்குத் தொலைபேசி எடுக்கிறேன். பாதிப் பேராவது திரும்பி வருகிறார்கள்.

சமிட் 1990இல் பிரசவத்துக்கு நாள் நெருங்கியிருந்த நிலையிலும் பென்சில்வேனியாவிலுள்ள ஒரு மாணவியின் வீட்டுக்குப் பேசப் போனார். அங்கேயே வலி தொடங்கிவிட, விமானத்தில் டென்னசிக்குத் திரும்பி மகனைப் பெற்றார். அந்த மாணவி முதலில் வேறு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும், பிறகு அவரிடமே வந்து 1996இல் பட்டம் வென்ற அணியில் ஆடினார். உங்களுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கும் அதிகாரம் இல்லை, சகோதரரே; வீடு தேடிப் போவதற்கு அது தேவையும் இல்லை.

மறுமொழி: கொட்டாஞ்சேனை வாசி

ஐயாவுக்கும் மற்ற இருவருக்கும் நன்றி. நேற்றிரவு மூன்று ஆண்டுப் புள்ளித் தாள்களையும் மேசையில் பரப்பி வைத்துக் கணக்கெடுத்தேன். இந்த ஆண்டு ஆடிய பன்னிருவரில் எட்டுப் பேர் அடுத்த ஆண்டும் இதே வயதுப் பிரிவில் ஆடலாம். முதல் ஆண்டில் நாங்கள் முப்பது புள்ளிக்கு மேல் தோற்ற ஆட்டங்கள் நான்கு. இந்த ஆண்டு அப்படி ஒன்றுகூட இல்லை. கடைசி ஆட்டத்தில் ஐந்து புள்ளியால் தோற்றோம். டியூக்கின் பெயரை அதிபரிடம் எடுக்கப் போவதில்லை; கரைக்காற்று அவர்கள் சொன்னது சரி.

ஆனால் அக்கா சொன்ன கணக்கை எடுத்தபோது எனக்கு மனம் கனத்துவிட்டது. மூன்று ஆண்டுகளில் பரீட்சைக்காக நின்ற பிள்ளைகள் ஒன்பது பேர். அவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை, நானும் ஒருவரைக்கூடத் தேடிப் போகவில்லை. பரீட்சை முடிந்தால் தாமாக வருவார்கள் என்று இருந்துவிட்டேன். பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் அணி ஆளில்லாமல் தவிப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை அந்தத் தாளைப் பார்த்த பிறகே உணர்ந்தேன். செவ்வாய்க்கிழமை அதிபரிடம் நல்ல கணக்கைக் காட்டுவதற்கு முன் இதைத்தான் சொல்லப் போகிறேன். மாலைப் பயிற்சியில் ஒரு நாளைக் காலை ஆறு மணிக்கு மாற்றினால் பதினொராம் ஆண்டுப் பிள்ளைகள் வகுப்பைத் தவறவிடாமல் வர முடியுமா என்றும் கேட்கப் போகிறேன்.

ஒன்பது பேரில் மூவர் இன்னும் பாடசாலையிலேயே உயர்தரம் படிக்கிறார்கள். ஒருவனின் வீடு ஜம்பட்டா வீதியில், எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. நாளை மாலை அவன் தகப்பனார் கடை பூட்டிவிட்டு வரும் நேரம் பார்த்துப் போகிறேன்.