திருச்சி – சிங்கப்பூர் – மெல்பர்ன்: பெற்றோரை நடுவில் ஓர் இரவு தங்கவைத்து அழைத்து வருவது எப்படி?

கொள்ளிடக்கரை கேட்டது:

வணக்கம். அப்பாவுக்கு 71 வயது, அம்மாவுக்கு 66. முதல் தடவையாக மெல்பர்ன் வருகிறார்கள். இருவருக்கும் இந்திய பாஸ்போர்ட்தான். ஆஸ்திரேலிய விசிட்டர் விசா கையில் இருக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை, இரவு 9.30க்கு இன்சுலின் போட்டுக்கொள்வார். அம்மாவுக்கு முழங்கால் வலி, ரொம்ப நேரம் உட்கார்ந்தால் கால் வீங்கிவிடும். ஒரே மூச்சில் வராமல் சிங்கப்பூரில் ஓர் இரவு படுத்துத் தூங்கி வந்தால் நல்லது என்று நினைக்கிறேன். சிங்கப்பூருக்குத் தனி விசா வேண்டுமா? பெட்டிகள் நேரே மெல்பர்ன் போய்விடுமா, அங்கே எடுக்க வேண்டுமா? ஏர்போர்ட்டுக்குள்ளேயே தங்கலாமா, ஊருக்குள் போகலாமா? திருச்சி–சிங்கப்பூர் ஒரு டிக்கெட், சிங்கப்பூர்–மெல்பர்ன் வேறு டிக்கெட் என்று எடுத்தால் விலை குறைகிறது. எடுக்கலாமா?

டிக்கெட்மேசை:

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுங்கள். மற்ற மூன்றுக்கும் பதில் அதில்தான் இருக்கிறது.

ஒரே டிக்கெட் எண்ணில் இரண்டு விமானமும் இருந்தால், திருச்சி கவுன்ட்டரிலேயே பெட்டிக்கு மெல்பர்ன் வரை டேக் போட்டு, இரண்டு போர்டிங் பாஸும் கொடுத்துவிடுவார்கள். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றி அனுப்புவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் பெரும்பாலும் பெட்டி சிங்கப்பூரோடு சரி. அதை எடுக்கக் குடிநுழைவை (இமிக்ரேஷன் சோதனையை) தாண்டி வெளியே வந்தே ஆக வேண்டும். அதாவது, ஏர்போர்ட்டுக்குள்ளேயே இருந்துவிடுகிறோம் என்று இவர்கள் திட்டம் போட முடியாது. எடை வரம்பும் இடிக்கும். ஒரு நிறுவனத்தில் 30 கிலோ, மற்றதில் 20 கிலோ என்றால் குறைவான கணக்குக்குத்தான் பெட்டி கட்ட வேண்டும். இல்லாவிட்டால் சிங்கப்பூர் கவுன்ட்டரில் கூடுதல் எடைக்குக் கட்டும் பணத்தில், மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். வயதானவர்களுக்கு ஒரே டிக்கெட்தான் என் சிபாரிசு.

ஒரே டிக்கெட்டில் 24 மணி நேரக் கணக்கு முக்கியம். சிங்கப்பூரில் இறங்கி 24 மணிக்குள் அடுத்த விமானம் கிளம்பினால் அது வெறும் மாறுதல். 24ஐத் தாண்டினால் தங்கல் (ஸ்டாப்ஓவர்) என்று எடுத்துக்கொண்டு கட்டண விதி மாறும். அதோடு சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையப் புறப்பாட்டுக் கட்டணமும், ஆளுக்கு 60 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) மேல், டிக்கெட்டில் ஏறும். உங்களுக்கு வேண்டியது ஓர் இரவுதான் என்பதால் 13 முதல் 18 மணி நேர இடைவெளி உள்ளதாகத் தேடுங்கள். சாதாரணத் தேடலில் 2, 3 மணி இடைவெளிதான் முதலில் வரும். இரண்டு விமானத்தையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கும் 'மல்டி சிட்டி' முறையில் பாருங்கள்.

விசா விஷயம். ஆஸ்திரேலிய விசா உள்ள இந்தியர்கள் வேறு நாட்டுக்குப் போகும் வழியில் சிங்கப்பூருக்குள் 96 மணி நேரம் வரை விசா இல்லாமல் நுழையும் சலுகை இருக்கிறது. 96 மணிக்குள் வெளியேறும் உறுதியான டிக்கெட் கையில் இருக்க வேண்டும். ஆஸ்திரேலிய விசாவில் ஒரு மாதத்துக்கு மேல் செல்லுபடிக் காலம் மிச்சம் இருப்பது பாதுகாப்பு. அந்த விசா பாஸ்போர்ட்டில் ஒட்டப்படுவதில்லை, எல்லாம் மின்னணுப் பதிவு. அதனால் விசா அனுமதிக் கடிதத்தை ஆளுக்கு இரண்டு பிரதி அச்செடுத்துக் கைப்பையில் வையுங்கள். திருச்சி கவுன்ட்டரிலேயே கேட்பார்கள்.

இது உரிமை அல்ல, சலுகை. விடுவதும் விடாததும் அங்குள்ள அதிகாரியின் முடிவு. திரும்பி வரும்போது கவனம் தேவை. விசா ஒருமுறை நுழைவுக்கானதாக இருந்தாலோ, முடியச் சில நாட்களே இருந்தாலோ, இந்தச் சலுகையை நம்பி ஊருக்குள் ஓட்டல் போடாதீர்கள். முன்கூட்டியே அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாகச் சாதாரண சிங்கப்பூர் விசா எடுத்துவிடலாம். அரசுக் கட்டணம் 30 வெள்ளி, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் திரும்ப வராது.

வெளியே வருவதானால் எஸ்ஜி அரைவல் கார்டு என்ற இணைய வருகைப் படிவத்தை நிரப்ப வேண்டும். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள்தான் அனுப்ப முடியும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையின் தளம் அல்ல, மூடிவிடுங்கள்.

தேக்காவாசி:

மேலே சொன்னதெல்லாம் சரி. நான் நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன். பலரும் கோட்டை விடுவது அங்கேதான்.

இடைவெளி நீளமாக இருந்தால் மட்டும் ஓய்வு கிடைக்காது. அந்த இடைவெளி இரவில் விழ வேண்டும். திருச்சியிலிருந்து நடுராத்திரி கிளம்பும் விமானம் காலையில் சிங்கப்பூரில் இறக்கிவிடும். ஓட்டல் அறை பெரும்பாலும் மதியம் 2 அல்லது 3 மணிக்குத்தான் கிடைக்கும். விமானத்திலும் தூங்காமல், அறையும் இல்லாமல், பெட்டியோடு வரவேற்பறையில் ஐந்தாறு மணி நேரம் உட்கார வேண்டும். மாலையில் மறுபடி இரவு விமானம். இப்படிப் போனால் 14 மணி நேரம் கிடைத்தும் முதுகு சாயாது. அதற்கு நேராக வருவதே மேல்.

சரியான அமைப்பு இது: திருச்சியில் பகல் விமானம், சுமார் நாலேகால் மணி நேரப் பறப்பு, சிங்கப்பூரில் மாலை அல்லது முன்னிரவில் இறக்கம். படுத்து எழுந்து மறுநாள் காலை விமானம், சுமார் ஏழரை மணி நேரம். மாலை மெல்பர்னில் இறங்கினால் நீங்களும் வேலை முடித்து வந்து அழைத்துப் போகலாம். இரண்டும் பகல் பயணம், இரண்டு இரவும் கட்டிலில்.

தேதியையும் பாருங்கள். விமானம் 12ஆம் தேதி இரவு 12.40க்கு இறங்குகிறது என்றால் ஓட்டல் புக்கிங் 11ஆம் தேதிக்குப் போட வேண்டும். 12 என்று போட்டால் அன்று மதியம்தான் அறை தருவார்கள்.

எங்கே தங்குவது? பெட்டி நேரே மெல்பர்ன் போகிறதென்றால் குடிநுழைவைத் தாண்டாமலேயே டெர்மினலுக்குள் உள்ள டிரான்சிட் ஓட்டலில் படுக்கலாம். ஆறு மணி நேரத் தொகுதியாகத் தருவார்கள், கூடுதல் நேரத்துக்குத் தனிக் கட்டணம். அறைக்குள்ளேயே கழிவறை இருக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள், எல்லா வகை அறையிலும் இருக்காது. வெளியே வருகிறார்கள் என்றால் டெர்மினல் 3ஐ ஒட்டியே கிரவுன் பிளாசா ஓட்டல், ஏர்போர்ட்டை ஒட்டிய ஜுவல் கட்டடத்தில் யோட்டல்ஏர் ஓட்டல். முதலாவது விலை அதிகம். இரண்டாவதில் அறை சிறியது, அம்மாவின் முழங்காலுக்கு அது தோதாக இருக்காது.

ஊருக்குள் என்றால் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம். சிராங்கூன் சாலையில் இட்லி, தோசை, சாப்பாடு எல்லாம் நடக்கும் தூரத்தில். கோமள விலாஸ் உணவகம் 1947 முதல் அங்கேதான் இருக்கிறது. உங்கள் பெற்றோர் தமிழிலேயே பேசிச் சமாளித்துவிடலாம். ரயிலில் போனால் சாங்கியிலிருந்து எக்ஸ்போ நிலையத்தில் இறங்கி டவுன்டவுன் பாதைக்கு மாறினால் லிட்டில் இந்தியா வந்துவிடும். ஆனால் இவர்களுக்கு டாக்சிதான் சரி, அரை மணி நேரப் பயணம். மீட்டரோடு ஏர்போர்ட் கூடுதல் கட்டணம் சேரும். நள்ளிரவு முதல் காலை 6 வரை மீட்டர் தொகையில் பாதி கூடும். காலை விமானத்துக்கு 5 மணிக்குக் கிளம்ப வேண்டியிருந்தால் இதையும் கணக்கில் வையுங்கள். 8 மணிக்கு முன் கிளம்பும் விமானம் என்றால் ஊருக்குள் போகவே வேண்டாம். போக வர நேரம் கழித்தால் தூக்கம் நாலு மணிகூடத் தேறாது.

மருந்துப்பெட்டி:

உடல்நிலை பற்றி யாரும் தொடவில்லை.

அப்பாவின் இன்சுலின்: கிழக்கே போகும்போது நாள் சுருங்கும். இந்திய நேரம் இரவு 9.30 என்பது சிங்கப்பூரில் நள்ளிரவு 12. மெல்பர்னில் அக்டோபர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை அதுவே விடியற்காலை 3, மற்ற மாதங்களில் 2. ஒரேயடியாக ஐந்தரை மணி நேரம் தாவாமல், முதலில் இரண்டரை, மறுநாள் மிச்சம் என்று பிரிவதும் இந்த இரவுத் தங்கலின் பலன்தான். எந்த மணிக்கு எத்தனை யூனிட் என்பதை இந்தக் கணக்கோடு மருத்துவரிடம் காட்டி எழுதி வாங்குங்கள். நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

இன்சுலினைப் பெரிய பெட்டியில் போடவே கூடாது. சரக்கறைக் குளிரில் உறைந்தால் மருந்து கெட்டுவிடும், பெட்டி தொலைந்தாலும் ஆபத்து. ஊசி, பேனா, குளுக்கோமீட்டர், மாத்திரை எல்லாம் கைப்பையில், மருந்துகளின் மூலப்பெயர் (ஜெனரிக் பெயர்) உள்ள ஆங்கிலச் சீட்டோடு. ஆஸ்திரேலியாவுக்குள் மூன்று மாத அளவுக்கு மேல் மருந்து கொண்டுவர வேண்டாம். தூக்க மாத்திரையோ கோடீன் கலந்த இருமல் மருந்தோ இருந்தால், சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையத்தின் தளத்தில் முன் அனுமதி விதியைப் பார்த்துவிடுங்கள்.

அம்மாவுக்கு: கால் வீங்காமல் இருக்க, முழங்காலுக்குக் கீழ் வரும் அழுத்தக் காலுறை (கம்ப்ரஷன் சாக்ஸ்). காலையில் வீக்கம் இல்லாதபோது கணுக்காலும் கெண்டைச் சதையும் அளந்து வாங்குங்கள். அப்பாவுக்கும் சேர்த்து வாங்கிவிடாதீர்கள். சர்க்கரையால் கால் மரத்தோ ரத்த ஓட்டம் குறைந்தோ இருந்தால் அழுத்தக் காலுறை புண்ணை உண்டாக்கும், மருத்துவர் பார்த்த பிறகுதான் போட வேண்டும்.

சக்கர நாற்காலியை இரண்டு விமானத்துக்கும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள், குறைந்தது 48 மணி நேரம் முன்பு. படி ஏற முடியாது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள், அதற்குத் தனிக் குறியீடு உண்டு. வெளியே போய்த் தங்கினால் டாக்சி நிற்கும் இடத்தோடு அந்த உதவி முடியும். மறுநாள் கவுன்ட்டரில் மறுபடி கேட்க வேண்டும்.

சமையல் பொருளில் கசகசா வேண்டவே வேண்டாம். சிங்கப்பூரில் அது போதைப்பொருள் சட்டத்தில் மாட்டும். அரைத்த மசாலாவில் கலந்திருக்கிறதா என்றும் அம்மாவிடம் கேளுங்கள். வெற்றிலையோடு போடும் புகையிலை, சூயிங்கம் இரண்டுக்கும் தடை. மெல்பர்னில் உணவுப்பொருள் எது இருந்தாலும் வருகை அட்டையில் 'ஆம்' என்று குறிக்கச் சொல்லுங்கள். சொன்னால் அதிகபட்சம் பொருளை எடுத்துக்கொள்வார்கள், மறைத்தால் அபராதம்.

கொள்ளிடக்கரை:

மூவருக்கும் மிக்க நன்றி. ஒரே டிக்கெட்டில் மாலை 6க்கு இறங்கி மறுநாள் காலை 9.30க்குக் கிளம்புவதாக ஒன்று கிடைத்திருக்கிறது. பெட்டி நேரே போனாலும் இவர்கள் ஊருக்குள் போகலாமா? கைப்பையில் என்ன வைக்க?

டிக்கெட்மேசை:

தாராளமாகப் போகலாம், பெட்டி விமான நிறுவனத்திடம் இருக்கும். சிங்கப்பூரிலேயே எடுத்துக்கொள்கிறேன் என்று திருச்சியில் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் 24 மணிக்குள் என்றால் பெரும்பாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆகவே ஆளுக்கு ஒரு மாற்றுடை, இரவுடை, துண்டு, பல் துலக்கும் சாமான், மூன்று நாள் மருந்து, மூன்று முள் உள்ள சதுர பிளக் அடாப்டர், சில நூறு வெள்ளி. பல நிறுவனங்களில் கைப்பை வரம்பு 7 கிலோதான், வீட்டிலேயே எடை போட்டுவிடுங்கள். சாங்கியில் டெர்மினல் 1, 2, 3இல் பாதுகாப்புச் சோதனை கேட் வாசலில்தான் நடக்கும். உள்ளே பிடித்த தண்ணீர் பாட்டிலையும் அங்கே காலி செய்ய வேண்டியிருக்கும். காலை 7 மணிக்குள் கவுன்ட்டரில் இருக்கட்டும், நாற்காலி வர அரை மணி நேரம் ஆகலாம்.