உதவி தேவை: மாரிக்கு முன் உலக யுத்த லொறி ஒன்றைக் காப்பாற்ற வேண்டும், கையில் காசில்லை

நெடுங்கேணி_வாசிகசாலை

வணக்கம். நெடுங்கேணிப் பக்கம் எங்கள் சனசமூக நிலையத்தோடு ஒட்டி ஒரு சின்னக் காட்சியறை வைத்திருக்கிறோம். கலப்பை, மரைக்கால், கொத்து, பெட்டகம், பழைய விளக்குகள் என்று ஊரார் தந்தவை. அவற்றை ஓரளவு பார்த்துக்கொள்கிறோம். பிரச்சினை வெளியே வளவில் நிற்கும் லொறி.

அது இரண்டாம் உலக யுத்தக் காலத்து இராணுவ லொறி. மூக்குத் தட்டை, முன்கண்ணாடி மேற்பக்கம் முன்னால் சரிந்திருக்கும். வவுனியாவில் வெள்ளைக்காரனின் விமானப்படை இருந்தபோது வந்ததாகவும், யுத்தம் முடிந்து விற்றபோது காட்டு மரம் ஏற்ற வாங்கியதாகவும் தந்த குடும்பம் சொல்கிறது. பிறகு நெல் மூட்டை, விறகு, கல்யாண வீட்டுச் சாமான் எல்லாம் ஏற்றியிருக்கிறது. இடப்பெயர்வில் விட்டுவிட்டுப் போன பிறகு பத்தைக்குள் கிடந்தது.

இப்போதைய நிலை: கூரை இல்லை, தறப்பாளால் மூடியிருக்கிறோம். சாரதி காலடித் தகரம் கறள் பிடித்து ஓட்டை. நான்கு ரயரும் காற்றில்லாமல் படுத்துவிட்டன. எஞ்சின் சுற்றாது. கதவில் பச்சைப் பெயின்றுக்கு மேல் நீலத்தில் ‘முருகன் துணை’ என்று கையால் எழுதியிருக்கிறது. அதே கதவிலும் பின்தட்டியிலும் கடைசி யுத்தத்தில் பட்ட சன்ன ஓட்டைகள்.

நிர்வாகக் குழுவில் பாதிப் பேர், பட்டறைக்காரர் ஒருவர் இலவசமாகச் செய்து தருவதாகச் சொன்னதால், மணல் அடித்துக் கறளை எடுத்து, ஓட்டைகளை வெல்டிங்கால் அடைத்து, புதுசாக இராணுவப் பச்சை அடிக்கலாம் என்கிறார்கள். பரிசளிப்பு விழாவுக்கு முன் முடிந்துவிடுமாம். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் மறுத்துச் சொல்லக் காரணமும் தெரியவில்லை. எங்கள் வருமானம் மின்சாரக் கட்டணத்துக்கே இழுபறி. ஐப்பசி மழைக்கு முன் எதை முதலில் செய்வது?

ஓமந்தையான்

தம்பி, நான் லொறி கராஜில் காலம் முழுக்க நின்றவன். முதலில் உயிருக்கு ஆபத்தானதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் விவரிப்பைப் பார்த்தால் கனடாவில் செய்த வண்டி. யுத்தக் காலத்தில் அந்த நாடு 8 லட்சத்துக்கு மேல் இராணுவ வாகனம் செய்தது. போர்ட், செவர்லெட் இரண்டு கம்பனியும் ஒரே மாதிரிக் கூடு போட்டுக் கட்டின. கண்ணாடியை அப்படிச் சரித்தது, வெயில் பட்டு மினுங்கி மேலே பறக்கும் விமானத்துக்குக் காட்டிக் கொடுக்காமல் இருக்க. எஞ்சின் மூடியைத் திறந்து பாருங்கள். வரிசையாக ஆறு சிலிண்டர் என்றால் செவர்லெட், இரண்டு பக்கமும் நாலு நாலு என்றால் போர்ட்.

இந்த வண்டிகளின் சில்லு இரண்டு துண்டு. நடுவில் அச்சோடு பூட்டும் நட்டுகள் ஒரு வட்டம், வெளியே இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடிக்கும் நட்டுகள் இன்னொரு வட்டம். ரயரில் காற்று இருக்கும்போது வெளிவட்ட நட்டைக் கழற்றினால் துண்டு பறந்து வந்து ஆளைக் கொல்லும். அதனால்தான் இராணுவத்தில் அந்த நட்டுகளுக்குச் சிவப்பு அடித்து வைத்தார்கள். உங்கள் ரயர் படுத்துவிட்டது என்றாலும் வால்வைக் கழற்றி, கம்பி விட்டு, முழுக்கக் காற்றில்லை என்று உறுதி செய்யாமல் கை வைக்க வேண்டாம். கறள் பிடித்த சில்லுக்குக் காற்று அடிக்கவே வேண்டாம்.

அடுத்தது வெல்டிங். பெற்றோல் தாங்கி காலி என்று நினைத்து நெருப்புக் காட்டக் கூடாது. காலித் தாங்கியில் ஆவிதான் இருக்கும், அதுதான் வெடிக்கும். இலவச வெல்டிங் என்று யாரையும் கிட்ட விடாதீர்கள்.

ரயரைத் தூக்குங்கள். அச்சுக்குக் கீழே முதிரையோ பாலையோ கனமான கட்டைகளை அடுக்கி, சில்லு நிலத்தில் முட்டாத அளவுக்கு உயர்த்தினால் போதும். ஒரு பக்கமாக உயர்த்தும்போது மறுபக்கச் சில்லுக்கு அணை போடுங்கள். ஜாக்கியை நம்பி ஒருவரும் கீழே படுக்கக் கூடாது. கட்டைக்கும் இரும்புக்கும் இடையில் தடித்த பிளாஸ்ரிக் ஒரு துண்டு வையுங்கள், மரத்தின் ஈரம் இரும்பில் ஏறாது.

எஞ்சினைத் ‘தள்ளி ஸ்ரார்ட்’ பண்ணுகிறேன் என்று ஒருவர் கட்டாயம் வருவார். விடாதீர்கள். செவர்லெட்டாக இருந்தால், அந்த எஞ்சினில் கிராங் தண்டின் பெயரிங் வார்த்து ஊற்றிய மெல்லிய உலோகம். எண்ணெயும் தெறித்துத்தான் போகும். காய்ந்த நிலையில் சுற்றினால் போய்விடும். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் மெல்லிய ஒயில் விட்டு, பிளக்கைத் திரும்பப் பூட்டி வையுங்கள். அது சுற்ற வேண்டியதில்லை, உள்ளே இன்னும் கறள் பிடிக்காமல் இருந்தால் சரி.

ரேடியேற்றர் தண்ணீரை இறக்குங்கள். வன்னிக் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு கனம் என்று கேத்திலின் அடியைப் பார்த்தாலே தெரியும். ரேடியேற்றர் குழாயைத் திறந்தால் மட்டும் எஞ்சின் வெறுமையாகாது. எஞ்சின் பக்கவாட்டிலும் ஒரு திறப்பு இருக்கும், அதையும் திறக்க வேண்டும்.

முறிகண்டி

மேலே அண்ணை சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. நான் கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தவன். பத்தைக்குள் கிடந்த வண்டி என்கிறீர்கள். இருக்கைக்குக் கீழ், கருவிப் பெட்டி, எஞ்சின் அடித்தட்டு, பலகை இடுக்கு என்று எங்கும் கையை விடாமல் முதலில் டோர்ச் அடித்துக் கண்ணால் மட்டும் பாருங்கள். சந்தேகமான பொருள் தெரிந்தால் தொடாமல், நகர்த்தாமல், பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டுப் பொலிசுக்குச் சொல்லுங்கள். அவர்கள் உரிய பிரிவைக் கூப்பிடுவார்கள். வண்டி முன்பு நின்ற இடத்தில் உதிரிப்பாகம் தேடப் போவதாக இருந்தாலும் அந்த நிலம் துப்புரவாக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

மாணவி_யாழ்

நான் தொல்லியல் படித்தவள், அரும்பொருள் பாதுகாப்பில் கொஞ்சம் பயிற்சி உண்டு. உங்கள் மனம் ஒப்பாதது சரியானதுதான். குழுவிடம் சொல்லக் காரணம் தருகிறேன்.

மணல் அடித்தால் கறளோடு சேர்ந்து பெயின்ற் முழுக்கப் போகும். அந்தப் பெயின்ற்தான் உங்கள் ஆவணம். 1942 ஏப்ரல் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அந்த யுத்தத்தில் வவுனியா, மின்னேரியா, சீகிரியாவில் எல்லாம் ஓடுதளங்கள் இயங்கின. வவுனியாவில் பியூஃபோர்ட் விமானங்கள் நின்றன. உங்கள் லொறி அங்கே ஓடியதா என்பதற்கு இன்று குடும்பத்தின் வாய்மொழி மட்டும்தான் இருக்கிறது. எஞ்சின் மூடியின் பக்கத்தில் இராணுவ இலக்கம் மேல்பூச்சுக்குக் கீழே இருக்கலாம். நீர்த்தாள் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் அரத்தாள்) கொண்டு ஒரு தீப்பெட்டி அளவு இடத்தில் மட்டும் மெதுவாகத் தேய்த்தால் ஒவ்வொரு நிறமாக வளையம் வளையமாகத் தெரியும். ஒவ்வொன்றையும் படமெடுங்கள். பழைய பெயின்றில் ஈயம் இருக்கும், ஆகவே ஈரமாகத்தான் தேய்க்க வேண்டும், முகமூடி அவசியம். இலக்கம் கிடைத்தால் குடும்பம் சொல்லும் கதைக்கு எழுத்தில் ஒரு சாட்சி வந்துவிடும்.

‘முருகன் துணை’யை அழிக்க வேண்டாம். சன்ன ஓட்டைகளை அடைக்க வேண்டாம். இராணுவம் இதை ஓட்டியது சில வருடங்கள்தான். உங்கள் ஊர் ஓட்டியது அதைவிட எத்தனையோ மடங்கு. புதுப் பச்சை அடித்தால் இந்த லொறி எந்த ஊரிலும் நிற்கக்கூடிய ஒரு பச்சை லொறியாகிவிடும். மரம் ஏற்றியதும், கல்யாணச் சாமான் ஏற்றியதும், விட்டுவிட்டு ஓடியதும் எல்லாம் அந்தக் கதவில் இருக்கிறது. அதை நீங்கள்தான் வைத்திருக்கிறீர்கள், வேறு ஒருவரிடமும் இல்லை.

பெரிய அரும்பொருளகங்களுக்கும் இந்தக் கேள்வி உண்டு. இங்கிலாந்தில் போவிங்டன் யுத்தத் தாங்கி அரும்பொருளகத்தில் டைகர் 131 என்ற ஜெர்மன் யுத்தத் தாங்கி இருக்கிறது, 1943இல் துனீசியாவில் பிடிபட்டது. அதை மறுபடி ஓட வைக்கப் பல வருட உழைப்பும் பெரும் பணமும் போனது. இப்போதும் வருடத்தில் சில நாள் மட்டும்தான் ஓட்டுகிறார்கள், ஓட ஓடப் பழைய பாகம் தேய்கிறது என்பதால். நமக்கு ஓட்டும் வசதி இல்லை என்பது குறையே அல்ல.

கறளுக்கு: உதிர்வதை மட்டும் மென்மையான கம்பித் தூரிகையால் எடுங்கள். பெயின்ற் இல்லாத வெறும் இரும்பில் தனின் அமிலக் கரைசல் பூசலாம். கறளோடு சேர்ந்து அது கருநீலப் படலமாக இறுகும். கடுக்காயிலும் தனின் உண்டு, ஆனால் அவித்த சாற்றில் வேறு பொருள்களும் கலந்திருக்கும், வண்டியில் பூச வேண்டாம். பெயின்ற் உள்ள இடத்தில் அராவும் பொடி கலக்காத மெழுகு மட்டும். கழிவு ஒயில் பூசச் சொல்வார்கள். அதில் அமிலமும் கரியும் இருக்கும், புழுதியையும் பிடித்து வைக்கும், எழுத்தைக் கறுப்பாக்கிவிடும்.

இன்னொன்று. மீற்றர் முகப்பில் இரவில் ஒளிரும் பூச்சு இருந்திருந்தால் அது ரேடியமாக இருக்கக்கூடும். இப்போது ஒளிராவிட்டாலும் கதிர்வீச்சு இருக்கும், ரேடியம் பாதியாகக் குறையவே 1600 வருடம் செல்லும். கண்ணாடியைத் திறக்காமல் அப்படியே விடுங்கள். பிறேக் லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் இருக்கும், காற்றடித்துத் துப்புரவாக்கக் கூடாது.

பனங்காமம்

தறப்பாளை இன்றைக்கே கழற்றுங்கள். பகலில் நிலத்து ஈரம் ஆவியாகி மேலே வந்து, இரவில் தறப்பாளின் உள்பக்கம் துளித்து, திரும்ப வண்டியில்தான் விழுகிறது. மழையில் நிற்பதைவிட மோசம், காய நேரமே கிடையாது.

நாலு காட்டுக் கம்பு நட்டு, கிடுகோ பழைய தகரமோ போட்டு உயரமாக ஒரு கொட்டில் போடுங்கள். சிரமதானம் வைத்தால் ஒரு சனி, ஞாயிறில் முடியும். வாடைக்காற்று மழையைச் சாய்த்து அடிக்கும், ஆகவே வடகிழக்குப் பக்கம் மட்டும் கூரையைத் தாழ்த்தி இறக்குங்கள். மற்றப் பக்கங்கள் திறந்திருக்கட்டும். கம்பின் அடியைக் கரித்து நட்டால் கறையானுக்குக் கொஞ்சம் தாங்கும். தரையை மேடாக்கிச் சல்லி போட்டு, சுற்றி ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். எங்கள் பாடசாலையில் பழைய உழவு இயந்திரம் ஒன்றை இப்படித்தான் வைத்திருக்கிறோம், மாரிக்குப் பிறகும் அடிப்பக்கம் உலர்ந்து இருக்கிறது.

கதவின் அடியில் தண்ணீர் போகச் சிறு துளைகள் இருக்கும். குளவி மண்கூடு கட்டி அடைத்திருக்கும். ஈர்க்கால் குத்தித் திறவுங்கள்.

ஸ்கார்பரோ_தமிழ்

வாசிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. இங்கே கனடாவில் பழைய இராணுவ வண்டி வைத்திருப்பவர்களிடம் இதே லொறியின் கைநூல் பிரதி கேட்கலாம். புது ரயர் வாங்க நாங்கள் சில பேர் சேர்ந்து காசு அனுப்பட்டுமா?

மாணவி_யாழ்

அண்ணா, ரயர் வேண்டாம். வண்டி கட்டையில் நிற்கப் போகிறது. அந்தக் காசு கூரைத் தகரத்துக்கும் சீமெந்துக்கும் போனால் பல வருடம் நிற்கும். கைநூல் கட்டாயம் அனுப்புங்கள்.

நெடுங்கேணி, இன்னொரு முக்கியமான வேலை இருக்கிறது. குடும்பத்திடம் நன்கொடைக் கடிதம் எழுதி வாங்கினீர்களா? தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1940ஆம் ஆண்டினது. அதில் பழமைக்கு எல்லை 1815 மார்ச் 2. உங்கள் லொறி அதற்குள் தானாக வராது. நாளைக்கு நிர்வாகம் மாறி, ஒருவர் ‘பழைய இரும்பு’ என்று கிலோவுக்கு விலை பேசினால் தடுக்க உங்கள் கையில் எழுத்து இருக்க வேண்டும். 2009க்குப் பிறகு வன்னியிலிருந்து இரும்பாகப் போன வண்டிகளை நினைத்துப் பாருங்கள். கடிதம், பொருட்பதிவேட்டில் ஓர் இலக்கம், எல்லாப் பக்கப் படங்கள், கூட்டக் குறிப்பில் ‘விற்கக் கூடாது’ என்ற தீர்மானம். இதற்குச் செலவு ஒரு கொப்பி.

குடும்பத்து மூத்தவர் இருக்கும்போதே குரலைப் பதிவு செய்யுங்கள். யார் ஓட்டினார், எந்தக் காட்டிலிருந்து எந்த மரம், அந்த நீல எழுத்தை எழுதியது யார் என்றெல்லாம் கேளுங்கள்.

நெடுங்கேணி_வாசிகசாலை

எல்லோருக்கும் நன்றி. நேற்றுக் கூட்டத்தில் இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். சில்லு விஷயமும் பெற்றோல் தாங்கி விஷயமும் சொன்னவுடன் பட்டறைக்காரரே, வெல்டிங் வேண்டாம், கொட்டிலுக்கு இரும்புக் குழாய் தருகிறேன் என்றார். பச்சை அடிக்க வேண்டும் என்றவர்களில் ஒருவர் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, விழாவுக்கு வருபவர்கள் குப்பை என்று நினைப்பார்கள் என்கிறார். தறப்பாளைக் கழற்றிவிட்டோம். டோர்ச் அடித்துப் பார்த்ததில் சந்தேகமாக ஒன்றும் இல்லை. எஞ்சின் வரிசையில் ஆறு, ஆகவே செவர்லெட்.

இரண்டு கேள்வி. காலடித் தகரம் முழுக்க இற்றுவிட்டது, பிள்ளைகள் ஏறினால் விழுவார்கள். அதை என்ன செய்ய? கறள் கரைசலை மழைக்கு முன்னே பூசவா, பின்னேயா?

ஓமந்தையான்

தகரத்தை வெட்டி எறியாதீர்கள். மேலே ஒரு பலகையை அளவுக்கு அறுத்து, திருகாணி அடிக்காமல் சும்மா வைக்கலாம், தேவையானபோது எடுக்கலாம். ஆனால் பிள்ளைகளை ஏற விடாதீர்கள். பக்கத்தில் ஒரு மரப்படி வைத்து எட்டிப் பார்க்கச் செய்யுங்கள்.

மாணவி_யாழ்

கூரை போட்ட பிறகு, மழை தொடங்க முன், தொடர்ந்து வெயில் எறிக்கும் நாட்களில் பூசுங்கள். இரும்பு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். முடியாவிட்டால் அவசரப்படாமல் மாசி வரை விடலாம், கூரை இருந்தால் அதுவரை தாங்கும். முதலில் அடிப்பக்கத்தில் கண்ணுக்குப் படாத ஓர் இடத்தில் பூசிப் பார்த்து, படம் போடுங்கள்.

ஒத்துக்கொள்ளாத ஐயாவுக்கு ஒரு வழி சொல்கிறேன். விழாவுக்கு முன் வண்டிக்கு அருகில் பெரிய எழுத்தில் ஒரு பலகை வையுங்கள். எந்த ஓட்டை எப்போது பட்டது, நீல எழுத்து யாருடையது என்று எழுதி, அதை அவரையே வாசித்து விளக்கச் சொல்லுங்கள்.