பாரில் போன் சார்ஜ் போட இருபது ரூபாய் வாங்கலாமா?

புதுவைக் கல்லா கேட்கிறார்:

புதுச்சேரியில் ஒரு சின்ன பார் நடத்துகிறோம். நானும் மச்சானும் பங்கு. பதினான்கு மேசை, ஒரு ஏசி அறை, பின்னால் சமையல்கட்டு. பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம். வார நாட்களில் உள்ளூர்க்காரர்கள் வருவார்கள். வெள்ளி இரவு தொடங்கி ஞாயிறு வரை சென்னைக் கூட்டம்.

இந்த வெளியூர்க் கூட்டம் உட்கார்ந்ததும் மெனு கேட்பதில்லை. "அண்ணே, சார்ஜர் இருக்கா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஈசிஆர் முழுக்க மேப்பும் பாட்டும் ஓடினால் பேட்டரி எங்கே நிற்கும்? கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வந்து பார்த்தால் அதில் ஓர் ஓட்டை காலியாக இருக்காது. மேசை நம்பர் எழுதிய துண்டுச் சீட்டை ஒவ்வொரு போனிலும் ரப்பர் பேண்ட் போட்டு மாட்டியிருப்போம். பாதி கறுப்பு போன். எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். யாருக்காவது அழைப்பு வந்தால் எந்த போன் அடிக்கிறது என்று தேடுவதற்கே ஓர் ஆள் வேண்டும்.

இப்போது மச்சான், ஒரு போனுக்கு இருபது ரூபாய் என்று போர்டு வைத்துவிடலாம் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சி டைப் கேபிள் மாதா மாதம் காணாமல் போகிறது. சிலர் ஒரு பீரை முன்னால் வைத்துக்கொண்டு, நூறு சதவீதம் ஏறுகிற வரைக்கும் மேசையை விடுவதில்லை. வாசலில் குடும்பத்தோடு நான்கு பேர் நின்றுகொண்டிருப்பார்கள்.

ஆனால் கரண்ட் பில்லைக் காரணம் காட்டுவதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. 5,000 எம்ஏஎச் பேட்டரியைப் பூஜ்யத்திலிருந்து முழுசாக ஏற்றினாலும், வீணாவதையும் சேர்த்து ஒரு யூனிட்டில் நாற்பதில் ஒரு பங்குதான் ஆகும். யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தாலும் இருபத்தைந்து காசு. எங்கள் ஒன்றரை டன் ஏசி ஒரு மணி நேரத்தில் இழுக்கிற கரண்டில் அறுபது போனுக்குச் சார்ஜ் ஏற்றிவிடலாம். இருபத்தைந்து காசுக்கு இருபது ரூபாய் வாங்கிவிட்டு, அதே ஆளிடம் "அடுத்த வாரமும் வாங்க சார்" என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்று. இங்கே வருகிற பத்தில் எட்டுப் பேர் ஜிபே, போன்பேதான். போன் அணைந்துவிட்டால் ஆயிரத்து இருநூறு ரூபாய் பில்லை எதில் கட்டுவார்? பில் கட்டுவதற்குத்தான் சார்ஜ் கேட்கிறார். அதற்கும் தனியாகக் காசா?

மச்சானின் பட்டியல் இதோடு முடியவில்லை. இரண்டாவது தடவை கேட்கிற ஐஸ், எலுமிச்சை, வெங்காயம் எல்லாவற்றுக்கும் விலை போடலாம் என்கிறார். முதல் தட்டு சுண்டலும் வெள்ளரித் துண்டும் அப்பா காலத்திலிருந்து இலவசம். அதில் கை வைக்க விட மாட்டேன். மற்றதில் உங்கள் கடைகளில் என்ன வழக்கம்? வாடிக்கையாளராகப் போகிறவர்களும் சொல்லுங்கள்.

சப்ளையர் தம்பி:

அண்ணே, நான் சென்னையில் பாரில் சப்ளையராக வேலை பார்க்கிறேன். முதலாளி பக்கமும் கஸ்டமர் பக்கமும் நிறையப் பேர் பேசுவார்கள். மேசைக்கு பில்லைக் கொண்டுபோய் வைக்கிறவன் பக்கத்தையும் கேளுங்கள்.

முன்பு நான் இருந்த ஒரு கடையில் இதைச் செய்தார்கள். போனுக்கு முப்பது ரூபாய். பில்லில் கடைசி வரியில் வரும். இரண்டாயிரம் ரூபாய்க்குச் சாப்பிட்டவர் மேலே இருக்கிற எதையும் பார்க்க மாட்டார். அந்த முப்பதில்தான் விரலை வைப்பார். "இது என்னப்பா?" என்பார். நான் விளக்குவேன். அவர் காசைக் கட்டிவிடுவார், கட்டாமல் போனவர் இல்லை. ஆனால் வழக்கமாக வைக்கிற ஐம்பது ரூபாய் டிப்ஸ் அன்றைக்கு வராது. கல்லாவுக்கு முப்பது வந்தது, என் பாக்கெட்டில் ஐம்பது போனது. எங்களுக்குச் சம்பளம் ஒரு பக்கம் என்றால் டிப்ஸ் இன்னொரு பக்கம். வீட்டு வாடகை அதில்தான் போகிறது.

மச்சானிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். நல்ல சப்ளையர் டிப்ஸ் வருகிற கடைக்குப் போய்விடுவான்.

மேசையை விடாதவர்கள் பற்றிச் சொன்னீர்கள். அது சார்ஜரால் வருகிற தொல்லை இல்லை. அவர்கள் சார்ஜர் இல்லாவிட்டாலும் அப்படித்தான் உட்காருவார்கள். "சார், கிச்சன் மூடப் போறாங்க, கடைசி ஆர்டர் ஏதாவது வேணுமா?" என்று மரியாதையாகக் கேட்டால் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள், மீதிப் பேர் ஆம்லெட்டாவது சொல்வார்கள்.

இரவு டாக்ஸி:

நான் குடிப்பதில்லை, வண்டி ஓட்டுகிறேன். பார் வாசலில் ராத்திரி பதினோரு மணிக்கு வந்து நிற்பேன். புக் பண்ணியவர் உள்ளே இருப்பார், போன் செத்துப்போயிருக்கும். நான் அழைத்துப் பார்த்துவிட்டு ரத்து செய்துவிட்டுப் போவேன். அவர் வெளியே வந்து பார்த்துவிட்டுத் தன் பைக்கை எடுப்பார். நூறு மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் முப்பது மில்லிகிராம் தாண்டினால் வண்டி ஓட்டுவது குற்றம். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், இரண்டும் சேர்ந்தும் வரலாம். அபராதம் போனால் போகட்டும், ஆள் வீடு போய்ச் சேர வேண்டும். குடித்தவர் கையில் உயிரோடு ஒரு போன் இருக்க வேண்டியது உங்கள் கடைக்கும் நல்லது. தயவுசெய்து இதற்குக் காசு வாங்காதீர்கள்.

மதுரை வழக்குரைஞர்:

எல்லோரும் இருபது ரூபாயைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு பயம் அந்த ரப்பர் பேண்ட் சீட்டைப் பார்த்துத்தான்.

ஒருவர் தன் பொருளை உங்களிடம் ஒப்படைத்து, வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் என்றால், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 148-ஆவது பிரிவுக்குள் நீங்கள் வந்துவிடுகிறீர்கள். 151-ஆவது பிரிவின்படி, சாதாரண விவேகமுள்ள ஒருவர் அதே சூழ்நிலையில் தன் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாகப் பார்ப்பாரோ அவ்வளவு கவனம் நீங்கள் அதற்குக் காட்ட வேண்டும். எண்பதாயிரம் ரூபாய் போனை வேறு மேசைக்காரர் எடுத்துக்கொண்டு போய்விட்டால் உங்களைத்தான் கேட்பார்கள்.

"தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று போர்டு மாட்டினால் போதும் என்று நினைக்க வேண்டாம். டெல்லியில் ஒரு நட்சத்திர ஓட்டலில் 1998-இல் பார்க்கிங் ஊழியரிடம் சாவி கொடுத்த கார் திருடுபோனது. சீட்டில் "உரிமையாளர் பொறுப்பு" என்று அச்சடித்திருந்தார்கள். 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஓட்டல்தான் பொறுப்பு என்று சொல்லிவிட்டது. பார்க்கிங் இலவசம் என்ற வாதமும் எடுபடவில்லை. சாப்பாட்டு விலைக்குள்ளேயே அதுவும் அடங்கியிருக்கிறது என்பதுதான் பதில்.

ஆக, இலவசமாகச் செய்தாலும் பொறுப்பு உண்டு. காசு வாங்கிவிட்டால் "உதவிக்குச் செய்தோம்" என்று வாயெடுக்கவே முடியாது.

காசு வாங்கவே கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. தண்ணீர் பாட்டிலையே ஓட்டலில் எம்ஆர்பிக்கு மேல் விற்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அங்கே உட்காரும் இடம், சேவை எல்லாம் சேர்கிறதே என்று. கேட்டவருக்கு மட்டும், கேட்கும்போதே விலையைச் சொல்லி வாங்கினால் தவறில்லை. கேட்காதவர் பில்லிலும் "இதர கட்டணம்" என்று போட்டால் அது வேறு கதை. சேவைக் கட்டணத்தை எந்தப் பெயரிலும் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

என்னைக் கேட்டால், போன் உங்கள் கைக்கே வரக் கூடாது. மேசைப் பக்கத்தில் பாயிண்ட் கொடுங்கள். அவர் போன் அவர் கண் முன்னால் கிடக்கட்டும்.

பட்டுக்கோட்டை ஜெனரேட்டர்:

காசு வாங்குவதையே பாவம் மாதிரி பேசுகிறீர்கள். கஜா புயல் 2018 நவம்பர் 16 விடிகாலையில் கரையைக் கடந்தது. எங்கள் பக்கம் கரண்ட் கம்பங்கள் மொத்தமாகச் சாய்ந்துவிட்டன. வாரக்கணக்கில் இருட்டு. நான் ஜெனரேட்டர் வைத்துத் தெருவுக்குத் தண்ணீர் ஏற்றினேன், அதோடு போனுக்கும் சார்ஜ் போட்டுக் கொடுத்தேன். போனுக்கு இருபது ரூபாய் வாங்கினேன். டீசல் யார் போடுவது? யாரும் முகம் சுளிக்கவில்லை. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையிடம் "உயிரோடு இருக்கோம்" என்று சொல்ல முடிந்ததே என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

செலவு நிஜமாக இருந்தால் வாங்கலாம். உங்களுக்கு நிஜச் செலவு கேபிள் திருட்டு ஒன்றுதான். அதற்கு டெபாசிட் வாங்குங்கள். நீலகிரியில் 2022-இல் மது பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்தைத் திருப்பித் தந்தார்கள். அதே முறைதான். கேபிளுக்கு நூறு ரூபாய், கொண்டுவந்தால் நூறும் திரும்ப. மச்சானுக்கும் நட்டமில்லை, வந்தவருக்கும் வருத்தமில்லை.

குரோய்டன்காரன்:

லண்டனில் ஒரு பப்பில் வேலை செய்கிறேன். இங்கே உரிமம் பெற்ற கடையில் குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகக் கொடுத்தே ஆக வேண்டும். 2010-இலிருந்து அது உரிம நிபந்தனை. சார்ஜுக்கு அப்படி எதுவும் இல்லை. எங்கள் கவுண்டர் ஓரத்தில் பவர்பேங்க் வாடகை மெஷின் நிற்கிறது. கியூஆர் ஸ்கேன் பண்ணினால் ஒன்று வெளியே வரும், நேரத்துக்கு இவ்வளவு என்று கார்டில் பிடித்துக்கொள்ளும், வேறு கடையில் இருக்கிற மெஷினிலும் திருப்பி வைக்கலாம். எங்கள் ஆட்கள் கையில் போனும் வராது, சண்டையும் வராது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வாரா வாரம் வருகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் போன் அணைந்தால் மானேஜரே தன் சார்ஜரைக் கழற்றிக் கொடுப்பார். மெஷின் பக்கம் போகச் சொல்ல மாட்டார். அந்தப் பெரியவர் மழையிலும் எங்கள் கடைக்குத்தான் வருகிறார்.

புதுவைக் கல்லா:

எல்லோருக்கும் நன்றி. டிப்ஸ் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, சப்ளையர் தம்பிக்குத் தனி நன்றி. வழக்குரைஞர் ஐயா எழுதியதை மச்சானுக்கே வாசித்துக் காட்டினேன். கார் வழக்கைக் கேட்டதும் ரப்பர் பேண்டையெல்லாம் அவரே கழற்றி எறிந்துவிட்டார்.

சுவரோரம் இருக்கிற ஒன்பது மேசைக்கும் யுஎஸ்பி பாயிண்ட் போடுகிறோம், இலவசமாக. கேபிள் வேண்டுமென்றால் நூறு ரூபாய் டெபாசிட். மச்சானும் சரி என்றுவிட்டார். ஐஸ், எலுமிச்சை, வெங்காயத்துக்கு விலை இல்லை. தனித் தட்டாகக் கேட்கிற சாலட்டுக்கு மட்டும் மெனுவில் இருக்கிற விலை.

நடுவில் இருக்கிற ஐந்து மேசைக்குத்தான் வழி தெரியவில்லை. தரையில் குழாய் பதித்து ஒயர் இழுக்கலாம் என்கிறார் எலெக்ட்ரீஷியன். ஆனால் தினமும் ராத்திரி தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற தரை அது. யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

ஒயர்மேன் விழுப்புரம்:

தரையில் வேண்டவே வேண்டாம் சார். கழுவுகிற தண்ணீரும் சிந்துகிற பீரும் பாயிண்ட்டுக்குள் இறங்கும். நடு மேசைக்குப் பவர்பேங்க் வாங்கி வையுங்கள், அதையும் டெபாசிட்டில் கொடுங்கள். சுவர்ப் பாயிண்ட்டை மேசை மட்டத்துக்கு ஓர் அடி மேலே வையுங்கள். அந்த லைனுக்குத் தனியாக முப்பது மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்துகிற ஸ்விட்ச், போடச் சொல்லுங்கள். எலெக்ட்ரீஷியன் தேவையில்லை என்றாலும் விடாதீர்கள்.