அங்கிள், ஆன்ட்டி: இவை வைக்கிங் சொற்களா?

அல்சூர்_அத்தை:
பெங்களூரில் எங்கள் அபார்ட்மென்ட் லிஃப்டில் ஏறுகிற எல்லாருமே என் அண்ணன் மகளுக்கு அங்கிள், ஆன்ட்டிதான். சொந்தச் சித்தப்பாவான என் தம்பியைக்கூட அங்கிள் என்கிறாள். எனக்கு மனசே ஆறவில்லை. இவை 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்களோடு வந்த சொற்கள் என்று பள்ளியில் சொன்னார்களாம். நார்மன்கள், வட ஐரோப்பாவிலிருந்து கடல்வழி வந்த வைக்கிங் வம்சம்தானே, அப்படியானால் இவை வைக்கிங்குகள் பேசிய நார்ஸ் மொழிச் சொற்களா?

இந்திராநகர்_வாசகர்:
இல்லைங்க, லத்தீன். 911-இல் பிரெஞ்சு அரசர், சேன் ஆற்றின் கீழ்ப்பகுதியை ரோலோ என்ற வைக்கிங் தலைவனுக்கு விட்டுக்கொடுத்தார். அவனோடு வந்தவர்களின் வழிவந்தவர்கள்தான் நார்மன்கள். வந்தவர்களில் பலர் உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டார்கள். சில தலைமுறைகளில் வீட்டுப் பேச்சே, லத்தீனிலிருந்து பிறந்த பிரெஞ்சாக மாறிவிட்டது. கடல், படகு சம்பந்தப்பட்ட சொற்களிலும் ஊர்ப் பெயர்களிலும் நார்ஸ் தங்கியது. உறவுமுறைச் சொற்கள் லத்தீன் வழி வந்தவையாகவே நின்றன.

லத்தீனிலும் நம்மைப் போலத் தாய்வழி, தந்தைவழி என்று முறை பிரித்துத்தான் கூப்பிட்டார்கள். தாய்மாமன் 'அவுன்குலுஸ்', அப்பாவின் உடன்பிறந்தவர் 'பத்ருஉஸ்'. அத்தை 'அமிதா', அம்மாவின் சகோதரி 'மாத்தெர்தெரா'. அவுன்குலுஸ் தேய்ந்து அங்கிள் ஆனது, அமிதா தேய்ந்து ஆன்ட் ஆனது. பிரெஞ்சில் மற்ற இரண்டும் வழக்கொழிந்ததால், மிஞ்சியவையே இரு பக்கத்துக்கும் பொதுவாகிவிட்டன. அவுன்குலுஸ் என்பதே தாத்தாவைக் குறிக்கும் 'அவுஸ்' என்ற சொல்லின் செல்ல வடிவம். மாமனைச் 'சின்னத் தாத்தா' என்று அழைத்திருக்கிறார்கள், எவ்வளவு அழகு!

மல்லேஸ்வரம்_மாமா:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய ஆங்கிலத்திலும் தாய்மாமனுக்கு ஒரு சொல், சித்தப்பா பெரியப்பாவுக்கு வேறு சொல் இருந்தன. நார்மன் ஆட்சிக்குப் பிறகு அவை மெல்ல மறைந்தன. நெஃப்யூ, நீஸ், கசின் எல்லாமே பிரெஞ்சு வழி வந்தவை. ஃபாதர், மதர், பிரதர் மட்டும் அசையவில்லை. சிஸ்டரில் நார்ஸ் சாயல் உண்டு, ஆனால் அது நார்மன்களுக்கு முன்பே இங்கிலாந்தில் குடியேறிய டேனியர்கள், அதாவது டென்மார்க் பக்கத்து வைக்கிங்குகள், கொடுத்தது.

கப்பன்_பார்க்:
நார்மன்கள் பேசிய பிரெஞ்சு வகையான நார்மன் மொழி இன்னும் சாகவில்லை. பிரான்ஸ் கரைக்குப் பக்கத்தில் உள்ள ஜெர்சி தீவில் வயதானவர்கள் சிலர் பேசுகிறார்கள், பள்ளிகளிலும் கற்றுத் தருகிறார்கள். பிரெஞ்சில் 'பேர்', 'மேர்', 'ஃப்ரேர்' என்கிற அப்பா, அம்மா, சகோதரன் அங்கே 'பேத்', 'மேத்', 'ஃப்ரேத்'. இந்த மாதிரி இடங்களில் ரகர ஒலி, ஆங்கில 'மதர்' நடுவில் வருகிற தகரமாக மாறியிருக்கிறது.

அல்சூர்_அத்தை:
ரொம்ப நன்றி. அப்படிப் பார்த்தால் என் தம்பி லத்தீன் கணக்கிலும் அங்கிள் இல்லை, பத்ருஉஸ். இன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அவளிடம் இதைத்தான் சொல்லப் போகிறேன்.