எண்ணெய் இல்லாமல் எப்படித் தாளிக்கிறீர்கள்?

வணக்கம். நானும் வீட்டுக்காரரும் எண்ணெய், பால், முட்டை, இறைச்சி எல்லாவற்றையும் நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது. முதல் இரண்டு வாரம் சாம்பார் வெந்நீர் மாதிரி இருந்தது, அழுகையே வந்தது. இப்போது என்னடாவென்றால் வெறுமனே அவித்த பூசணிக்காய் இனிக்கிறது, ஆனால் போன ஞாயிறு இங்கே சிங்கப்பூர் தேக்கா சந்தையில் ஆசையாக வாங்கிய வடை (முன்பு ஒரே மூச்சில் நான்கு போகும்) நாக்கில் மெழுகு பூசியது போல ஒட்டிக்கொண்டு பாதியிலேயே வைத்துவிட்டேன். உப்பும் அப்படித்தான், கடைக் குழம்பெல்லாம் கரிக்கிறது.

தாளிப்பு மட்டும் கைகூடவில்லை. வெங்காயம் தண்ணீர் தெளித்து வதக்கினால் நன்றாகவே வருகிறது, ஆனால் வெறும் சட்டியில் கடுகு வெடித்தாலும் மணம் சாம்பாரில் இறங்குவதில்லை, அந்த மணத்தைப் பிடித்து வைப்பதே எண்ணெய்தானே. ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 120 கலோரி, திரும்பப் போகவும் மனமில்லை. வறுத்துப் பொடித்துச் சேர்ப்பதா, எள்ளு அரைத்து விடுவதா?

அப்புறம், உணவங்காடியில் என்ன சாப்பிடுகிறீர்கள்? யோங் தாவ் பூ (காய்கறி, தோஃபு என்ற சோயாக்கட்டி எல்லாம் சூப்பில் போட்டுத் தரும் சீன உணவு) சரியாக இருக்கும் என்று போனால் சூப்பில் நெத்திலி, தோஃபுவுக்குள் மீன். தீபாவளிக்கு மாமியார் வேறு வருகிறார், முறுக்குக்கு என்ன பதில் சொல்வது?